தேவை, வசதி, வாழ்க்கைத்தரம்: செல்வர் மணவிலக்கு ஆவணங்களின் சொல்லாட்சியும் தமிழாக்கமும்

பெருஞ்செல்வரின் அன்றாட வாழ்வு ஆவணங்களில் பெரும்பாலும் பொதுப்பெயர்களாகவே பதிவாகிறது. சொத்து, முதலீடு, வசதி, சேவை, படி என்னும் சொற்களுக்குள் மாளிகையும் அடங்கும், மலர்க்கொத்தும் அடங்கும். இப்பொதுப்பெயர்களைப் பிரித்து, உருப்படி உருப்படியாக, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுத்தொகை குறித்து எழுதும்படி கட்டாயப்படுத்தும் எழுத்துவகை ஒன்று உண்டு. அது மணவிலக்கு வழக்கில் தாக்கல் செய்யப்படும் செலவுப்பட்டியல். செய்தியிதழ்கள் இப்பட்டியல்களை ஆடம்பரத்தின் சான்றுகளாக எடுத்தாள்கின்றன. மொழி நோக்கில் பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. இவ்வாவணங்களில் ஆடம்பரம் என்னும் பொருளைத் தரும் அடைமொழி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 'தேவை' என்னும் தலைப்பின்கீழ் ஒரு பெயர்ச்சொல்லும் ஓர் எண்ணும் அருகருகே நிற்பதால்தான் படிப்பவர் திடுக்கிடுகிறார். தமிழாக்கம் செய்வோர் இந்த அமைப்பைக் கருதாது அடைமொழியைத் தாமே சேர்த்துவிடுவது, வழக்கின் ஒரு தரப்பினருக்கு எதிரான தீர்ப்பை மொழிபெயர்ப்பிலேயே எழுதிவிடுவதாகும். வெளிநாட்டு ஆவணங்கள் மூன்றையும் இந்தியச் சூழலையும் கொண்டு இதனை விளக்கலாம்.

முதலாவது, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்து 2001இல் ஓய்வு பெற்ற ஜாக் வெல்ச்சின் மணவிலக்கு வழக்கு. அவருடைய ஓய்வுக்காலச் சலுகைகள் 1996இல் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தில் அடங்கியிருந்தன. பங்குதாரர்களுக்கு அனுப்பிய ஆண்டு அறிக்கைகளில் நிறுவனம் அதைப் பற்றிக் கூறியது ஏறத்தாழ ஒரே தொடர்: பதவியிலிருந்தபோது கிடைத்தவற்றோடு ஒப்பிடத்தக்க நிறுவன வசதிகளும் சேவைகளும் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும் என்பது. 2002 செப்டம்பரில், கனெக்டிகட் மாநில நீதிமன்றத்தில் அவர் மனைவி தாக்கல் செய்த உறுதிமொழி ஆவணம் அத்தொடரை விரித்து வைத்தது. நியூயார்க்கின் மையப் பூங்காவை ஒட்டிய அடுக்ககம், நிறுவன விமானம், விம்பிள்டன் டென்னிஸ், கூடைப்பந்து, பேஸ்பால் ஆட்டங்களுக்கான இருக்கைகள், இசைநாடக அரங்கில் தனி இடம், உணவு, ஒயின், மலர்கள், சலவை என அது நீண்டது. தமக்குக் கிடைக்கும் இடைக்காலத் தொகை வாழ்ந்த வாழ்வுக்கு ஈடாகாது என்று காட்டுவதே அவர் நோக்கம். விளைவோ நோக்கத்தைக் கடந்து சென்றது. செய்தி வெளியான சில நாள்களிலேயே வெல்ச் சலுகைகளில் பெரும்பாலானவற்றைக் கைவிட முன்வந்தார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் இதனை ஆராய்ந்து, சலுகைகளை நிறுவனம் முழுமையாக விவரிக்கவில்லை என 2004 செப்டம்பரில் முடிவு கூறியது. ஓய்வுக்குப்பின் முதல் ஆண்டில் மட்டும் அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 25 இலட்சம் டாலர்.

நிறுவனத்தின் தொடரில் பொய் எதுவும் இல்லை. அடுக்ககம் ஒரு வசதிதான். சலவை ஒரு சேவைதான். பொதுப்பெயர் உண்மையைச் சொல்லிக்கொண்டே மறைக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. இத்தொடரைத் தமிழில் பெயர்க்கும்போது ஒரு வியப்பு நேர்கிறது. ஆங்கில மூலத்தில் உள்ள சொல், கட்டடம், கருவி போன்ற அலுவலகப் பொருளை மட்டும் நினைவூட்டும் வறண்ட சொல். தமிழில் அதற்கு வழங்கும் 'வசதி' அப்படிப்பட்டதன்று. 'கழிப்பிட வசதி', 'பேருந்து வசதி' என்னும்போது அது அலுவலகச் சொல். 'வசதியான குடும்பம்', 'கொஞ்சம் வசதி உள்ளவர்' என்னும்போது செல்வத்தைக் குறிக்கும் இடக்கரடக்கல் போன்றது. நிறுவனம் மறைக்க விரும்பியதை, வழக்கமான தமிழ் நிகரன் ஓரளவு வெளிப்படுத்திவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் அதை மகிழ்ந்து ஏற்பதா, 'அமைப்புகள்', 'ஏற்பாடுகள்' போன்ற வறண்ட சொல்லை நாடுவதா? இத்தொடரைப் பொறுத்தவரை வறண்ட சொல்லே உரியது. பங்குதாரர் என்ன படித்தாரோ அதையே தமிழ் வாசகரும் படித்தால்தான், பின்வரும் பட்டியல் ஏன் அத்தனை பெரிய செய்தியாயிற்று என்பது விளங்கும்.

இரண்டாவது ஆவணம் 2008 மார்ச்சில் வெளிவந்த இங்கிலாந்து உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவின் தீர்ப்பு. வழக்காடியவர்கள் இசைக்கலைஞர் பால் மக்கார்ட்னியும் ஹெதர் மில்ஸும். இத்தகைய வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை. ஆயினும் நீதியரசர் பென்னட் தம் தீர்ப்பு முழுவதையும் வெளியிட முடிவு செய்தார். அதைத் தடுக்க மில்ஸ் மேற்கொண்ட முயற்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பயனளிக்கவில்லை. மணம் நடந்தது 2002 ஜூன். பிரிவு 2006 ஏப்ரல். மில்ஸ் கோரியது ஏறத்தாழ 12 கோடியே 50 இலட்சம் பவுண்டு. கணவர் தர முன்வந்தது 1 கோடியே 58 இலட்சம். மில்ஸின் சொந்த உடைமைகளையும் சேர்த்து நீதிமன்றம் நிறுத்திய எல்லை 2 கோடியே 43 இலட்சம்.

மில்ஸ் அளித்த ஆண்டுச் செலவுத்திட்டத்தின் மொத்தம் 32 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. அதில் விடுமுறைப் பயணங்களுக்கு 4,99,000, உடைகளுக்கு 1,25,000, குதிரையேற்றத்துக்கு 30,000, ஒயினுக்கு 39,000, ஓட்டுநருக்கு 43,000. அவர் இப்போது குதிரையேறுவதில்லை என்பதும் மது அருந்துவதில்லை என்பதும் உரிய உருப்படிகளின் அருகே இடைப்பிறவரல் போலச் செருகப்பட்டுள்ளன. இரண்டு சிறு எதிர்மறைகள், அவ்வளவே. கண்டனச் சொல் எதுவும் அவ்விடத்தில் தேவைப்படவில்லை. ஆண்டுத் தேவை 6 இலட்சம் பவுண்டு என நீதிபதி மதிப்பிட்டார்.

இந்த இரண்டு எதிர்மறைகளைத் தமிழாக்குவதில் கவனம் வேண்டும். 'மது அருந்தாதவராக இருந்தும் 39,000 பவுண்டு கேட்டார்' என்று எழுதினால், 'இருந்தும்' என்னும் எச்சம் நீதிபதி சொல்லாத வியப்பையும் இகழ்ச்சியையும் சேர்த்துக்கொள்கிறது. 'கேட்டார்' என்பதிலும் சிக்கல் உண்டு. மூலத்தில் வினைமுற்று ஏதுமின்றி நிற்கும் ஓர் உருப்படி, தமிழில் ஒரு பெண்ணின் செயலாகிவிடுகிறது. 'ஒயின்: 39,000 (மது அருந்துவதில்லை)' என்னும் பட்டியல் வடிவமே உண்மைக்கு நெருக்கமானது. தமிழ் உரைநடை பட்டியலைப் பொறுத்துக்கொள்ளாது, அதை வாக்கியமாக்கியே தீரவேண்டும் என்னும் எண்ணம் மொழிபெயர்ப்பாளரிடையே உள்ளது. அதற்கு அடிப்படை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் அணிகலன்களைப் பதிவு செய்யும் முறையைக் காண்க. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என முத்துகளை வகைபிரித்து எண்ணி, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறை குறித்து, நிறுக்கும்போது சேர்ந்த அரக்கையும் விடாது அவை பதிவு செய்கின்றன. பெருஞ்செல்வத்தை அடைமொழியின்றிப் பட்டியலாக எழுதும் பயிற்சி இம்மொழிக்குப் புதிதன்று. 'முதலியன', 'போன்றவை', 'இன்ன பிற' என்று சுருக்கும் பழக்கம் ஒன்று உண்டு. இவ்வகை ஆவணங்களுக்கு அது பெருங்கேடு. எண்களும் அவ்வாறே. 4,99,000 என்பதை 'ஏறத்தாழ 5 இலட்சம்' என்று முழுமைப்படுத்தினால், எவரோ ஒருவர் உட்கார்ந்து கூட்டிக் கணக்கிட்ட தொகை என்னும் சாயல் மறைந்து, வாய்க்கு வந்த தொகை என்னும் சாயல் வந்து சேர்கிறது.

இனிப் பட்டியலின் தலைப்புக்கு வரலாம். இங்கிலாந்தின் 1973ஆம் ஆண்டு மணவழக்குகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு, நீதிமன்றம் கருதவேண்டியவற்றுள் நிதித் தேவைகளையும், மணமுறிவுக்கு முன் குடும்பம் அனுபவித்த வாழ்க்கைத்தரத்தையும் அடுத்தடுத்துச் சுட்டுகிறது. செல்வர் வழக்குகளில் தேவையைத் தாராளமாகப் பொருள்கொள்ளவேண்டும் என்பது அந்நாட்டு நீதிமன்ற மரபு. ஆங்கிலப் பேச்சு வழக்கில் தேவை வேறு, விருப்பம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி வினைகள் உள்ளன. ஆகவே குதிரையேற்றத்தைத் தேவை என்று எழுதும்போது அம்மொழியினருக்குச் சொல்லே முரணாக ஒலிக்கிறது. செய்தியிதழ்களின் ஏளனம் இம்முரணிலிருந்துதான் பிறக்கிறது.

தமிழில் நிலைமை வேறு. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பது தேவையா விருப்பமா என்பதைச் சொல்வடிவம் காட்டுவதில்லை. கன்னடத்தின் 'பேகு', தெலுங்கின் 'காவாலி' ஆகியவையும் இத்தகையனவே. 'தேவை' என்னும் பெயர்ச்சொல்கூடத் தமிழில் தூய தேவையைக் குறிப்பதன்று. 'ஆட்கள் தேவை', 'மணமகன் தேவை' என்னும் விளம்பரத் தலைப்புகளுக்கு ஆங்கிலத்தில் நிகராக நிற்பது விருப்ப வினையே. ஆகவே 'குதிரையேற்றத் தேவை: 30,000' என்பது தமிழ் வாசகர் செவியில் மூலத்தின் அளவுக்கு முரண்படாது. முரணைக் காட்ட விரும்பும் மொழிபெயர்ப்பாளர் 'இன்றியமையாத் தேவை' என்று எழுதத் தூண்டப்படுவார். அது மிகை. சட்டம் இன்றியமையாமையைக் கோரவில்லை. மில்ஸும் அவ்வாறு வாதிடவேண்டியிருக்கவில்லை.

தமிழில் வேறுபாடு எதிர்மறையில்தான் தோன்றுகிறது. 'வேண்டாம்' என்பது மறுப்பவரின் விருப்பத்தைக் காட்டும். 'தேவையில்லை' என்பது நிலைமையைக் காட்டும். 'வேண்டியதில்லை' என்பது கடப்பாடு இல்லாமையைக் காட்டும். உடன்பாட்டில் ஒன்றாகக் கலந்து கிடப்பவை எதிர்மறையில் மூன்றாகப் பிரிகின்றன. தீர்ப்பின் பணி பெரும்பாலும் உருப்படிகளை நீக்குவதே என்பதை நோக்க, தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இது பெரும் வாய்ப்பு. மனுவைப் பெயர்க்கும்போது கிடைக்காத நுட்பம் தீர்ப்பைப் பெயர்க்கும்போது கிடைக்கிறது. 'இத்தொகை தேவையில்லை' என்று நீதிபதி முடிவு செய்வதையும், 'இத்தொகையை எதிர்மனுதாரர் தரவேண்டியதில்லை' என்று முடிவு செய்வதையும் ஒன்றாக்கிவிடாதிருந்தால் போதும். முன்னது மனைவியின் வாழ்வைப் பற்றிய கூற்று. பின்னது கணவரின் கடப்பாட்டைப் பற்றிய கூற்று. நாளிதழ்த் தமிழில் இரண்டும் 'நீதிமன்றம் நிராகரித்தது' என்று ஒன்றாகிவிடுகின்றன.

மில்ஸின் பட்டியலைப் படிப்போர் கவனிக்கத் தவறுவது மற்றொன்று. அத்தீர்ப்பில் உண்மையில் இரண்டு பட்டியல்கள் உள்ளன. கணவரின் செல்வம் 80 கோடி பவுண்டுக்கும் மேல் என்று மனைவி கூற, ஏறத்தாழ 40 கோடி என்று நீதிமன்றம் கண்டது. இப்பட்டியல் முழுவதும் மதிப்பீட்டுச் சொற்களால் ஆனது: நிறுவனங்கள், உரிமைகள், நிலங்கள், கலைப்பொருள்கள். மனைவியின் பட்டியலோ நுகர்ச்சிச் சொற்களால் ஆனது. ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வாழ்ந்த இருவரின் செல்வவாழ்வு ஒருவரிடம் 'சொத்து' என்றும் மற்றவரிடம் 'செலவு' என்றும் எழுதப்படுகிறது. செல்வத்தின் பெரும்பகுதி மணத்துக்கு முன்பே ஈட்டப்பட்டது, மணவாழ்வும் குறுகியது என்பதால் பகிர்வுக் கோட்பாடு அவ்வழக்கில் உதவவில்லை. தேவை ஒன்றே மனைவிக்குத் திறந்திருந்த வாயில். கோருவது எதுவாயினும் அதைத் தேவையின் மொழியில் எழுதவேண்டிய நிலை சட்டத்தால் நேர்ந்தது. அவருடைய தொகைகள் மிகையானவை என்று நீதிமன்றம் கண்டது. சான்றுரையின் நேர்மையையும் அது கடுமையாகக் குறைகூறியது. அவை வேறு. ஆயினும் பட்டியல் எழுதும் தரப்பு மனைவியாக இருந்ததனாலேயே ஆடம்பரம் மனைவியின் குணமாகத் தோற்றமளிப்பதை விமர்சனம் பிரித்துக் காணவேண்டும். வெல்ச் வழக்கில் பட்டியலை எழுதியவர் மனைவி, நுகர்ந்தவராகத் தெரிந்தவர் கணவர். அங்கே 'பேராசைக்கார மனைவி' என்னும் செய்தித்தலைப்பு எடுபடவில்லை. நிறுவனத் தலைவர்களின் சலுகைகளைப் பற்றிய பொது விவாதம் எழுந்தது.

மூன்றாவது ஆவணம் 2016 ஜூலையில் நீதியரசர் ராபர்ட்ஸ் வழங்கிய தீர்ப்பு. சவூதி அரேபியத் தொழிலதிபர் வலீத் ஜுஃபாலி தம் மனைவி கிறிஸ்டினா எஸ்ட்ராடாவைத் தலாக் முறையில் விலக்கியபின், அயல்நாட்டு மணவிலக்குக்குப் பிந்திய நிதித்தீர்வுக்கு இடமளிக்கும் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எஸ்ட்ராடா இலண்டனில் வழக்கிட்டார். கோரியது 19 கோடியே 60 இலட்சம் பவுண்டு. ரொக்கமாகக் கிடைத்தது 5 கோடியே 30 இலட்சம். அவர் சொந்த உடைமைகளையும் சேர்த்து 7 கோடியே 50 இலட்சம். உடைகளுக்கு மட்டும் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பவுண்டுக்கு மேல் அவர் குறித்திருந்தார். அது தாம் வாழ்ந்த வாழ்வு என்பதே அவருடைய விடையின் சாரம். இங்கே தேவை என்னும் சொல்லை விட வாழ்க்கைத்தரம் என்னும் சொல்லே சுமையைத் தாங்குகிறது.

தமிழில் 'வாழ்க்கைத்தரம்' பொருளியல் பாடநூல்களின் சொல். அது உயரவேண்டிய ஒன்று. 'ஏழை மக்களின் வாழ்க்கைத்தரத்தை உயர்த்துதல்' என்பதே அதன் இயல்பான தொடர்ச்சேர்க்கை. நீதிமன்றத்தில் அது தாழாமல் காக்கப்படவேண்டிய உயரமாகிறது. 'எஸ்ட்ராடாவின் வாழ்க்கைத்தரம்' என்னும் தொடர் தமிழில் சற்றே நகைப்புக்கிடமாகத் தோன்றுவது இதனாலேயே. அந்நகைப்பு மூலத்துக்கு உரியதன்று. 'வாழ்ந்துவந்த நிலை' என்பது பொருந்தும். நிலை என்னும் சொல்லில் உயர்வும் தாழ்வும் இல்லை. 'வாழ்ந்துவந்த' என்னும் பெயரெச்சம் அவ்விடையின் நியாயத்தையும் காக்கிறது. சட்டத் தொடரில் உள்ள 'அனுபவித்த' என்பதைப் பற்றித் தயங்கவேண்டியதில்லை. அங்கே அது இன்பத்தைக் குறிப்பதன்று, கைவசம் வைத்துப் பயன்கொள்ளுதலைக் குறிப்பது. தமிழ்ப் பத்திரப்பதிவு வழக்கில் 'ஆண்டு அனுபவித்து' என்று நிலத்துக்கு எழுதுவதும் இப்பொருளிலேயே. இத்தனை பொருத்தமான சொல் கையிலிருக்க, சிலர் அதைத் 'துய்த்த' என்று தூய்மைப்படுத்துகின்றனர். உடனே நுகர்ச்சியின் வாடை வந்துவிடுகிறது.

செய்தித்தமிழில் இவ்வழக்குகள் அனைத்துக்கும் பொதுவாக வழங்கும் சொல் 'ஜீவனாம்சம்'. பிழைப்புக்கான பங்கு என்பது அதன் சொற்பொருள். பிழைப்பு என்னும் உறுப்பு நிற்க, பங்கு என்னும் உறுப்பு வழக்கில் தேய்ந்துபோயிற்று. இன்று அது கணவன் தரும் உதவித்தொகை. 2000ஆம் ஆண்டில் பிரபுக்கள் அவை வொயிட் வழக்கில் வழங்கிய தீர்ப்பை இச்சொல்லால் விளக்கவே இயலாது. சாமர்செட் பகுதியில் பால்பண்ணை நடத்திய அத்தம்பதியரிடம் ஆடம்பரம் எதுவும் இல்லை. கூட்டாக உழைத்துச் சேர்த்தது ஏறத்தாழ 46 இலட்சம் பவுண்டு. அதற்குமுன் செல்வர் வழக்குகளில் மனைவியின் நியாயமான தேவைகளைக் கணக்கிட்டுத் தந்தபின் எஞ்சியது முழுவதும் கணவருக்கே என்னும் நிலை இருந்தது. பொருளீட்டுபவர், இல்லம் பேணுபவர் என வேற்றுமை காட்டலாகாது, முடிவைச் சமத்துவம் என்னும் அளவுகோலில் வைத்துச் சரிபார்க்கவேண்டும் என்று அவ்வழக்கு வகுத்தது. அங்கே மனைவி பெற்ற 15 இலட்சம் பவுண்டு ஜீவனாம்சமன்று, பங்கு. 2016இல் அக்மதோவா வழக்கில் வழங்கப்பட்ட 45 கோடியே 30 இலட்சமும் சொத்தின் 41.5 விழுக்காடாகக் கணக்கிடப்பட்ட பங்கே. பங்கு கேட்பவர் ஒயின் கணக்கு எழுதவேண்டியதில்லை. எச்சொல்லால் பெயர்ப்பது என்பதைத் தொகை முடிவு செய்யாது. கோரிக்கையின் அடிப்படையே முடிவு செய்யும்.

இந்தியச் சூழலில் இது ஏட்டுச்சிக்கலாக நிற்பதில்லை. கோவா நீங்கலாக, மணவாழ்வில் சேர்ந்த சொத்தை மணவிலக்கின்போது பகிரும் பொதுச்சட்டம் இந்நாட்டில் இல்லை. ஆகவே பெருஞ்செல்வரின் மனைவியும் பராமரிப்பு என்னும் ஒரே வழியில், தேவையின் மொழியில்தான் கோரமுடியும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்றில், கணவரின் முதல் மனைவிக்குக் கிடைத்ததாகக் கூறப்பட்ட 500 கோடி ரூபாய்க்கு ஈடான தொகையை இரண்டாம் மனைவி கோரினார். பராமரிப்பு என்பது செல்வத்தைச் சமன்செய்யும் கருவியன்று என விளக்கி நீதிமன்றம் 12 கோடி வழங்கியது. கேட்டது பங்கின் மொழி. கிடைத்தது தேவையின் மொழி. 'ஜீவனாம்சமாக 500 கோடி கேட்ட மனைவி' என்று இதை எழுதினால் வழக்கின் உயிர்நிலையே மறைந்துபோகும்.

இதற்கு முன்பே, 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், பராமரிப்பு வழக்குகளில் இருதரப்பாரும் சொத்து, கடன், வருவாய், செலவு ஆகியவற்றை வெளிப்படுத்தும் உறுதிமொழி ஆவணத்தைத் தாக்கல் செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பணித்தது. தீர்ப்பின் பின்னிணைப்பாக மாதிரிப் படிவங்களும் தரப்பட்டுள்ளன. வேளாண் குடும்பத்தினருக்கெனவும் மேகாலய மாநிலத்துக்கெனவும் தனிப் படிவங்கள் உண்டு. கணவரும் மனைவியும் ஒரே படிவத்தில் எழுதவேண்டும் என்பதே இதன் சிறப்பு. சொத்து ஒருவருக்கும் செலவு மற்றொருவருக்கும் என்று பிரியும் பழைய எழுத்துமுறை இங்கே தகர்கிறது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில 2019 முதல் தமிழிலும் வெளியிடப்பட்டு வருகின்றன. முதல்நிலை வரைவுக்கு எந்திர மொழிபெயர்ப்பும் துணைக்கொள்ளப்படுகிறது. எந்திரம் 'தேவை' என்னும் ஒரு சொல்லையே எங்கும் இடும். திருத்துவோர் அதை உயர்த்தவோ தாழ்த்தவோ முற்படுவர். இப்படிவங்களைப் பொறுத்தவரை எந்திரத்தின் ஒருமைப்பாடு தற்செயலாக நன்மை செய்கிறது. கணவர் பத்தியில் 'வாகனப் பராமரிப்பு' என்றும் மனைவி பத்தியில் 'கார் செலவு' என்றும் திருத்துவோர் கை மாற்றிவிடாதபடி, ஒவ்வோர் உருப்படிக்கும் இருதரப்புக்கும் பொதுவான ஒரே தமிழ்ச்சொல்லை முன்கூட்டியே உறுதிசெய்து கலைச்சொற்பட்டியலில் சேர்த்தல் வேண்டும். கார், ஓட்டுநர், பணியாள், பயணம், மருத்துவம், கல்வி எனத் தொடங்கினால் ஐம்பது சொற்களுக்குள் அப்பட்டியல் முடிந்துவிடும்.